நாய்க்குட்டி வந்தாச்சு, டாக்டர் யார், செலவு எவ்வளவு?

கேள்வி இதுதான். பெரம்பூரில் வாடகை வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் அம்மா மட்டும் வீட்டில். தெருவில் தாயில்லாமல் நின்ற இரண்டு மாதப் பெண் குட்டியைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது, மாதம் எவ்வளவு ஒதுக்குவது, இன்ஷூரன்ஸ் போடலாமா என்று கேட்கிறார்கள். "சாப்பாட்டுச் செலவைச் சமாளிச்சுடுவோம், ஆஸ்பத்திரிச் செலவுதான் பயமா இருக்கு" என்று கடைசியில் ஒரு வரி.

பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நாய் வளர்ப்பதில் மாதாமாதம் ஆகும் செலவு யாரையும் கவிழ்ப்பதில்லை. என்றைக்கோ ஒரு ராத்திரி வரும் செலவுதான் கவிழ்க்கும். டாக்டர் பார்ப்பது, பணம் ஒதுக்குவது இரண்டையும் அந்த ஒரு ராத்திரியை மனதில் வைத்தே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நான் டாக்டர் இல்லை. தெருவில் கிடைக்கும் குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்கிறேன். அதனால் சென்னைக் கிளினிக் பெஞ்சுகள் நல்ல பழக்கம். நான் சொல்லும் தொகைகள் தனியார் கிளினிக்குகளில் பொதுவாகக் கேட்கிற அளவு. ஏரியாவுக்கு ஏரியா கூடும், குறையும்.

முதலில் டாக்டர். குட்டி நன்றாக இருக்கும்போதே, இந்த வாரமே, ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசி வையுங்கள். உடம்புக்கு வந்தபிறகு கூகுளில் 'நியர் மீ' போட்டுத் தேடினால், எது திறந்திருக்கிறதோ அதுதான் நல்ல ஆஸ்பத்திரி என்று ஆகிவிடும்.

நீங்கள் பெரம்பூர் என்பதால் ஒரு வசதி. வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். 1903-ல் தொடங்கிய கல்லூரி, இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. கண், தோல், எலும்பு, இதயம், மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவுகளும், எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனையும் ஒரே வளாகத்தில். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் அதற்கு விலையாக உங்கள் நேரத்தைக் கொடுக்க வேண்டும். காலையில் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அலைமோதும். டோக்கன், பதிவு, பிரிவு, பரிசோதனைக் கூடம், மறுபடி பிரிவு என்று அரை நாள் ஓடிவிடும். பயிற்சி மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள், அப்புறம் பேராசிரியர் வருவார். சிலருக்கு இது பிடிக்காது. நான் இதை நல்லதாகத்தான் பார்க்கிறேன். நாலு பேர் கை வைத்துப் பார்க்கும்போது ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார். அவசர சிகிச்சைப் பிரிவும் அங்கே இருக்கிறது. ராத்திரி நேரத்தில் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை ஒரு பகலில் நேரில் போய்ப் பார்த்து வந்துவிடுங்கள்.

ஆனால் வேப்பேரியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். லேசான வாந்திக்கும் காது சொறிவதற்கும் அரை நாள் லீவு போட முடியாது. நடந்தே போகிற தூரத்தில் ஒரு தனியார் டாக்டர் வேண்டும். பக்கத்து டாக்டர் வழக்கமான விஷயங்களுக்கு, வேப்பேரி பெரிய விஷயங்களுக்கு. இப்படி இரண்டு இடம் வைத்துக்கொள்வதுதான் சென்னையில் நடைமுறைக்கு ஒத்துவரும். திரு.வி.க. நகரில் மாநகராட்சி நடத்தும் செல்லப்பிராணி சிகிச்சை மையமும் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். வெறிநோய்த் தடுப்பூசி, நாய் உரிமம், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) போன்றவற்றுக்கு அங்கே போய்க் கேளுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது முக்கியமாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்காக வந்த ஏற்பாடு. நகரத்தில் ராத்திரி ஒரு மணிக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பக்கத்து டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டார் ரேட்டிங்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாய் பிழைத்தால் ஐந்து ஸ்டார், செத்தால் ஒரு ஸ்டார் என்றுதான் முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள். அதைவிட, உங்கள் தெருவில் காலையில் நாய் பிடித்து நடக்கிறவர்களிடம் கேளுங்கள். "எந்த டாக்டர் நல்லவர்?" என்று கேட்காமல், "போன தடவை உடம்பு சரியில்லாதப்போ எங்கே போனீங்க, என்ன செஞ்சாங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். மூன்று பேர் கதையில் ஒரே பெயர் வந்தால் அங்கே போகலாம்.

போர்டில் பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.எச். என்ற பட்டம் இருக்க வேண்டும். மேற்படிப்பு என்றால் எம்.வி.எஸ்ஸி., அதிலும் மருத்துவமா, அறுவை சிகிச்சையா என்று துறை போட்டிருப்பார்கள். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-ன்படி மருத்துவம் பார்ப்பவர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊசி போடும் நாய்க் கடைக்காரர்களும், "நாங்களே போட்டுடுவோம் சார்" என்கிற பிரீடர்களும் நம் ஊரில் நிறைய. தடுப்பூசி என்பது குத்துவது மட்டும் இல்லை. குத்தும்வரை குளிரில் இருந்ததா என்பதுதான் விஷயம். வெயிலில் அரை நாள் கிடந்த ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது.

ஊசி போடும்போது கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். மல்டி ஊசி என்று சொல்வார்களே, பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி வைரஸ் நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுவது, அது பெரும்பாலும் இரண்டு சின்னக் குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வில்லை மாதிரி உறைந்த பொடி, இன்னொன்றில் திரவம். ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுத்து, திரவத்தைப் பொடிக்குள் விட்டுக் கலக்கி, உடனே போட வேண்டும். அப்புறம் குப்பி மேலிருக்கும் லேபிளை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை. லேபிள் ஒட்டாமல் வெறுமனே ஒரு டிக் மட்டும் இருந்தால் நான் அதைப் போட்டதாகவே கணக்கில் எடுக்க மாட்டேன். ஏற்கெனவே ஊசி போட்டாச்சு என்று சொல்லி விற்கப்படும் குட்டிகளின் புத்தகத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். உங்கள் குட்டிக்கு அந்தக் குழப்பம் இல்லை, பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம்.

முதல் தடவை போகும்போது டாக்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எடை போடுகிறாரா? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கிறாரா? உதட்டைத் தூக்கி ஈறு நிறம் பார்க்கிறாரா? வயிற்றை அமுக்கிப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைக்கிறாரா? இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. செய்யாமல் தூரத்திலிருந்தே பார்த்து எழுதுகிறவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மருந்துப் பெயரைச் சீட்டில் எழுதுகிறாரா, இல்லை பேப்பர் கவரில் பெயரில்லாத மாத்திரையாகப் போட்டுத் தருகிறாரா என்பதும் முக்கியம். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால், 'வெள்ளை மாத்திரை பாதி' என்று சொல்லி என்ன பயன்?

இன்னொன்று, தோல் அரிப்பு. நாயைக் கூட்டிப் போன உடனே ஒரு ஊசி, மறுநாளே அரிப்பு நின்றுவிடும், நமக்கும் டாக்டர் கைராசிக்காரர் என்று தோன்றும். ஒரு மாதத்தில் திரும்ப வரும், மறுபடி ஊசி. அது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். சில நேரம் அது தேவைதான். ஆனால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சொறிப் பூச்சியா, பூஞ்சையா, உண்ணியா என்று தெரிந்துகொள்ளாமல் மாதாமாதம் போட்டுக்கொண்டே போவது வைத்தியம் இல்லை. "என்ன ஊசி டாக்டர்?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறாரா என்பதே ஒரு பரீட்சைதான்.

இரண்டு கேள்விகளை நேரடியாகவே கேட்டுவிடுங்கள். ராத்திரி ஏதாவது ஆனால் உங்களைக் கூப்பிடலாமா, இல்லாவிட்டால் எங்கே போகச் சொல்வீர்கள்? உங்களால் முடியாத கேஸை யாரிடம் அனுப்புவீர்கள்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிற சின்ன கிளினிக், ஏசியும் சோபாவும் போட்டுவிட்டு இதற்குப் பதில் இல்லாத பெரிய கிளினிக்கை விட மேல். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர்கள் இப்போது நிறையப் பேர். தடுப்பூசிக்கும் வயதான நாய்க்கும் அது சௌகரியம். ஆனால் டிரிப், ஆக்சிஜன், ஸ்கேன் தேவைப்படும் நிலையில் அவர் வந்து சேரும் நேரமும் வீண், நீங்கள் காத்திருக்கும் நேரமும் வீண்.

சரி, இனி காசுக்கு வருவோம். நம் ஊர் நாய்களுக்கு அந்த ஒரு ராத்திரியைக் கொண்டுவருவது எதெது என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான். உங்கள் பெண் குட்டிக்கு மூன்று பேர் முக்கியமான எதிரிகள்.

முதல் எதிரி பார்வோ. குட்டிகளைத்தான் குறிவைக்கும். சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், வாந்தி, அப்புறம் ரத்தமாகக் கழிச்சல், ஒருமுறை மோந்தால் மறக்க முடியாத நாற்றம். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் பார்த்துக்கொண்டு, உடம்பு தானே மீளும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. நாலைந்து நாள், சில நேரம் ஒரு வாரம், தினமும் டிரிப். தனியாரில் உள்நோயாளியாகச் சேர்த்தால் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சாதாரணமாக ஆகும். அவ்வளவு செய்தும் எல்லாக் குட்டியும் பிழைக்காது. "நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஆகாது, எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார். தெருவில் போடப்பட்ட எட்டுக் குட்டிகளில் ஒன்று இரண்டுதான் ஏன் மிஞ்சுகிறது என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.

இதைத் தடுக்கும் மல்டி ஊசி ஒன்று எழுநூறிலிருந்து ஆயிரத்துக்குள். இப்போது ஒன்று, அப்புறம் மூன்று நாலு வார இடைவெளியில் குட்டிக்கு நாலு மாதம் ஆகும்வரை தொடர வேண்டும். ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்துத் தீர்த்துவிடும். அது எந்த வாரம் வடியும் என்று வெளியில் தெரியாது. அதனால் விட்டுவிட்டுப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டும் வந்துடுச்சே" என்று வருத்தப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள், கிளினிக் தரையிலும் இறக்காதீர்கள். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் மடியிலேயே வைத்திருங்கள். வீட்டு வாசலை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினால் அது சாகும். வெறும் பினாயில் போதாது.

மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி, அதாவது ரேபிஸ். முந்நூறு நானூறு ரூபாய். டாக்டர் சொல்கிற நேரத்தில் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், இந்த இரண்டையும் ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போடாத தெருக்குட்டி விளையாட்டாகப் பல் பட்டுக் கீறினாலும் அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் மனிதர்களுக்கான ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இலவசம். குட்டிதானே என்று விடக் கூடாது, இந்த நோய் வந்தபிறகு சிகிச்சை இல்லை. அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது எதிரி உண்ணி. என்னைக் கேட்டால், வளர்ந்த நாய்களுக்கு சென்னையில் அதிகம் செலவு வைப்பது உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணியின் கடி வழியாக ரத்தத்துக்குள் போகும் எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகள் ரத்த அணுக்களைக் காலி செய்யும். நாய் சோர்ந்து போகும், விட்டுவிட்டுக் காய்ச்சல், ஈறு வெளுக்கும், பிளேட்லெட் குறையும், முற்றினால் மூக்கில் ரத்தம். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று நாலு வாரம் மாத்திரை என்று சில ஆயிரங்களில் முடியும். ரத்தம் ஏற்றும் நிலைக்குப் போனால் பார்வோ கணக்கையும் தாண்டும்.

உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட உங்கள் வீட்டில்தான் அதிகம் இருக்கும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ நிலைப்படி இடுக்கிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டை போடும். காம்பவுண்டுச் சுவரில் மிளகு மிளகாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதனால் கையால் பிடுங்கிப் பினாயிலில் போடுவது மட்டும் தீர்வு இல்லை. எடைக்கு ஏற்ற உண்ணி மாத்திரை மாதம் ஒன்று, இல்லை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருகிறது. பதினைந்து இருபது கிலோ நாய்க்கு மாதக் கணக்கில் எழுநூறு எண்ணூறு ரூபாய் ஆகும். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒருமுறை முற்றிய உண்ணிக் காய்ச்சலுக்கு ஆகும் தொகையில் ஒரு வருட மாத்திரை வாங்கிவிடலாம். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் கழுத்துப்பட்டை, முதுகில் விடும் சொட்டு மருந்து என்று மலிவான வழிகள் உண்டு. தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் உண்ணி மருந்தை மட்டும் அளவு பார்க்காமல் ஊற்றாதீர்கள், அது விஷம். நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டு, பூனை செத்த வீடுகள் உண்டு.

மூன்றாவது, கர்ப்பப்பையில் சீழ். பயோமெட்ரா என்பார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், தூமை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரும். தண்ணீர் நிறையக் குடிக்கும், சோறு இறங்காது, சில நேரம் பின்பக்கம் சீழ் வடியும், சில நேரம் ஒன்றுமே வடியாமல் உள்ளேயே நிரம்பும். அவசர ஆபரேஷன்தான் வழி. ரத்தம் கெட்ட நிலையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் செலவும் ஆபத்தும் இரட்டிப்பு. அதையே நாய் இளசாக, ஆரோக்கியமாக இருக்கும்போது கருத்தடையாகச் செய்தால் தனியாரில் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம், அரசு மருத்துவமனையிலும் விலங்கு நல அமைப்புகளிலும் அதைவிட வெகு குறைவு. முலைக் கட்டி வரும் வாய்ப்பும் குறையும். எந்த மாதத்தில் செய்யலாம் என்பதைக் குட்டியின் வளர்ச்சி பார்த்து டாக்டர் சொல்வார். "ஒரு தடவை குட்டி போட விட்டுட்டு அப்புறம் செய்யணும்" என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆறு குட்டிகளுக்கும் பார்வோ ஊசி யார் போடுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

மழைக் காலத்தில் தேங்கும் தண்ணீரும் எலி மூத்திரமும் கொண்டுவரும் லெப்டோ என்ற தொற்று, மே மாத வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப்போட்டு வரும் வெப்பத் தாக்கு, குழம்பில் வெந்த கோழி எலும்பு தொண்டையிலோ குடலிலோ குத்துவது, இவை அடுத்த வரிசை. லெப்டோவுக்கு மல்டி ஊசியிலேயே ஒரு பங்கு உண்டு, மற்ற இரண்டும் உங்கள் கையில்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் வருடம் ஊசிகளும் பூச்சி மாத்திரையும் சேர்த்து ஐயாயிரம், உண்ணிக்கு ஒன்பதாயிரம், கருத்தடைக்குப் பத்தாயிரம், சில்லறை உபாதைகளுக்கு டாக்டர் ஃபீஸ் மருந்தோடு நாலாயிரம். ஆக இருபத்தெட்டாயிரம், மாதம் இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம். இரண்டாம் வருடத்திலிருந்து கருத்தடையும் ஊசி வரிசையும் இல்லை. வருட ஊசி, உண்ணி, வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும். சாப்பாடு தனி. வீட்டில் சோறும் கோழியும் முட்டையும் வேகவைத்துப் போட்டால் ஒரு கணக்கு, மூட்டைத் தீவனம் வாங்கினால் ஒரு கணக்கு, அதை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். ரொம்ப நெருக்கடி என்றால் கருத்தடையை அரசு மருத்துவமனையிலும், வெறிநோய் ஊசியை முகாமிலும் முடித்தால் முதல் வருடமும் பதினெட்டாயிரத்தை ஒட்டி வந்துவிடும். மல்டி ஊசியிலும் உண்ணியிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

இது தெரிந்த செலவு. தெரியாத அந்த ராத்திரிக்கு முப்பதாயிரம் வரை ஒரு தனிக் கணக்கில் சேர்ப்பது இலக்கு. இப்போது கையிலிருக்கும் ஐயாயிரத்தைப் போட்டுத் தொடங்குங்கள், மாதம் ஆயிரம் போட்டுக்கொண்டே வாருங்கள். எஃப்டி, சீட்டு, நகைச்சீட்டு எதிலும் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஜிபே பண்ண முடிகிற சாதாரண சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கும்போது தனியார் ஆஸ்பத்திரிகள் முன்பணம் கேட்பார்கள், 'காலையில் கட்டறேன்' என்பது எல்லா இடத்திலும் செல்லாது. கணவனும் மனைவியும், முடிந்தால் அம்மாவும், அந்தக் கணக்கிலிருந்து எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனமும் தனியார் நிறுவனங்கள் சிலவும் நாய் பாலிசி தருகின்றன. பழைய பாணி பாலிசிகள் மாட்டு இன்ஷூரன்ஸ் மாதிரி, நாயின் சந்தை விலைதான் காப்புத் தொகை. ரசீது இல்லாமல் தெருவிலிருந்து வந்த குட்டிக்கு சந்தை விலை என்ன போடுவது? அதனால் உங்களுக்குத் தேவை சிகிச்சைச் செலவையும் அறுவை சிகிச்சையையும் தருகிற வகை. அதிலும் ஏஜெண்டிடம் நாலு விஷயம் கேளுங்கள்: நாட்டு நாயை எடுப்பார்களா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, உண்ணிக் காய்ச்சலும் பார்வோவும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, ஒரு வருடத்துக்கு உச்சவரம்பு என்ன. தடுப்பூசி தேதி தவறினால் பெரும்பாலான பாலிசியில் அந்த நோய்களுக்குப் பணம் வராது, அதனால் மறுபடி அந்தத் தடுப்பூசிப் புத்தகத்துக்கே வந்து நிற்போம். நாய் யாரையாவது கடித்து நஷ்டஈடு கேட்டால் காப்பாற்றும் பிரிவு இருந்தால் அது பிரயோஜனமானது. என் அபிப்பிராயம், முதல் வருடம் தனிக் கணக்கு போதும். அது நிறைந்தபிறகு பாலிசியைப் பாருங்கள். கணக்கைக் கலைத்து பிரீமியம் கட்டாதீர்கள்.

டாக்டரிடம் காசு பேசக் கூச்சப்படாதீர்கள். நம்மில் பலர் டாக்டர் சொன்ன எல்லா டெஸ்டுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து எதையும் செய்யாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். "டாக்டர், இன்னைக்கு என்னால அஞ்சாயிரம் வரைக்கும்தான் முடியும். முதல்ல எதைச் செய்யலாம், எதை நாளைக்குத் தள்ளலாம்?" என்று கேட்டால், நல்ல டாக்டர் வரிசைப்படுத்திக் கொடுப்பார். ஸ்கேனை விட்டு ரத்தப் பரிசோதனை மட்டும், உள்நோயாளிக்குப் பதில் தினமும் வந்து டிரிப், என்று வழி இருக்கும். மருந்திலும் மிச்சம் பிடிக்கலாம். டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் மாதிரி நாய்க்கு எழுதும் பல மருந்துகள் மனிதர்களுக்கான மருந்துகள்தான். சீட்டில் மூலப்பெயர் எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பார்க்கலாம், விலை பாதிக்கும் கீழே இருக்கும். அளவு மட்டும் டாக்டர் எழுதிய மில்லிகிராம்படியே.

அதற்காக நீங்களே மருந்துப் பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். காய்ச்சல் என்று பாரசிட்டமாலோ, கால் வலி என்று புரூஃபென், டைக்லோஃபெனாக்கோ கொடுத்து, கல்லீரலும் சிறுநீரகமும் போய் வரும் நாய்களை எல்லா டாக்டரும் பார்க்கிறார்கள். ஐந்து ரூபாய் மாத்திரை ஐம்பதாயிரம் ரூபாய் வியாதியாகிவிடும்.

உரிமம் வேறு பாக்கி. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு உரிமம் கட்டாயம். கட்டணம் ஐம்பது ரூபாய்தான், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும். 2025 கடைசியில் மைக்ரோசிப்பும் சேர்த்துக் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். வாடகை வீட்டில் பக்கத்து வீட்டோடு ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் கேட்கப்படுவது இந்தக் காகிதம்தான். வெறிநோய் ஊசி போட்ட கையோடு முடித்துவிடுங்கள்.

கடைசியாக அம்மாவுக்கு. பகலில் குட்டியோடு இருப்பவர் அவர்தான், நீங்கள் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். பக்கத்து டாக்டர் நம்பர், வேப்பேரிக்குப் போகும் வழி, குட்டியின் எடை, கடைசியாகப் போட்ட ஊசியும் தேதியும். அதோடு நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு ஆட்டோக்காரர் நம்பர். இதை எல்லோரும் மறப்பார்கள், ஆனால் வாந்தி எடுக்கும் நாயைப் பார்த்ததும் ஆப்பில் வந்த வண்டி திரும்பிப் போய்விடும். அவரிடம் இப்போதே பேசி, ஒரு பழைய போர்வை விரித்துத்தான் ஏற்றுவோம் என்று சொல்லி வையுங்கள். சாயங்காலம் நீங்கள் வரும்வரை காத்திருக்கக் கூடாதது எது என்பதையும் அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள்: ரத்தக் கழிச்சல், ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மூச்சுத் திணறல், வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பு, பாம்போ எலி மருந்தோ என்ற சந்தேகம். இவற்றோடு ஈறு பரிசோதனை. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். குட்டி நன்றாக இருக்கிற நாளிலேயே இதை நாலைந்து தடவை பார்த்துப் பழகிக்கொள்ளட்டும், சில குட்டிகளுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும், அப்படியென்றால் கண் இமையின் உட்பக்கத்தின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.